கொடைக்கானல் பஸ்ஸும் கடலுக்கடியில் காதும்

"ஸ்கூபா போனா காது வலிக்குமா?"ன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. வலிக்கும், ஆனா வலிக்க விடக்கூடாது. காதைக் கெடுத்துக்கிட்டு வந்தவன் சொல்றேன், கேளுங்க.

எங்க ஊர் திண்டுக்கல். கடல் கிடையாது, தோட்டத்துக் கிணறு உண்டு. சின்ன வயசுல ஒரு ரூபாய் காசைக் கிணத்துல போட்டு, முங்கி எடுக்கறதுதான் போட்டி. ரெண்டு ஆள் ஆழம் போனதுமே காதுக்குள்ள ஊசி குத்தும், நான் மேல வந்துடுவேன். பயந்தாங்கொள்ளின்னு கிண்டல் பண்ணுவாங்க. அது பயம் இல்ல, பிசிக்ஸ்.

செவிப்பறைக்குப் பின்னாடி நடுக்காதுன்னு ஒரு சின்ன காற்று அறை இருக்கு. அதையும் மூக்குக்குப் பின்னாடி இருக்கற தொண்டைப் பகுதியையும் இணைக்கிறது யூஸ்டேஷியன் குழாய். சாதாரணமா மூடியே இருக்கும். எச்சில் முழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் ஒரு கணம் திறக்கும். உள்ளே அழுத்தம் அதிகமானா காற்று பெரும்பாலும் தானாவே வெளியேறிடும். வெளியே அதிகமானா? தானா உள்ளே வராது, நாமதான் திறந்து விடணும்.

கொடைக்கானல் பஸ்ல இதை எல்லாரும் அனுபவிச்சிருப்போம். வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறும்போது 'டப்'புனு காது தானா விட்டுடும். இறங்கும்போதுதான் அடைச்சுக்கும். கைக்குழந்தைங்க இறக்கத்துல அழறதுக்கு இதுவும் ஒரு காரணம். வாந்தி வராம இருக்கட்டும்னு அம்மா புளிப்பு மிட்டாய் கொடுப்பாங்க. எச்சில் முழுங்க முழுங்க, காதும் சரியாயிடும்.

இப்போ ஒரு கணக்கு. திண்டுக்கல்லுக்கும் கொடைக்கானலுக்கும் உயர வித்தியாசம் சுமார் 1,800 மீட்டர். அந்த மொத்த மலைக்கான காற்றழுத்த மாற்றமும் கடல்ல வெறும் 2 மீட்டர் ஆழத்துக்குச் சமம். அதாவது, ரெண்டு மணி நேரத்துக்கு மேல பஸ்ல இறங்குற மலையை, டைவிங்ல சில விநாடியில இறங்கிடறீங்க. 10 மீட்டர் போனா அழுத்தம் ரெண்டு மடங்கு, காற்றோட கன அளவு பாதி. அளவுல பார்த்தா பெரிய மாற்றம் முதல் 10 மீட்டர்லதான். ஆழம் கம்மிதானேன்னு அங்கதான் அசால்ட்டா இருப்போம்.

நான் பண்ண தப்பும் அதேதான். பாண்டிச்சேரி டைவுக்குப் பணம் கட்டியாச்சு, லீவும் போட்டாச்சு. லேசா சளி. யார்கிட்டயும் சொல்லல. 3 மீட்டர்ல காது வலிச்சது. மூக்கைப் பிடிச்சு முழு பலத்தோட ஊதினேன். திறக்கல. பல்லைக் கடிச்சுக்கிட்டு இன்னும் இறங்கினேன். மேல வந்தப்போ மாஸ்க்குல ரத்தம், இடது காதுல பஞ்சு அடைச்ச மாதிரி. செவிப்பறை கிழியல, பின்னாடி நீர் கோத்திருக்குன்னு டாக்டர் சொன்னார். பல வாரம் ஹெட்போன்ல இடது பக்கம் சரியா கேட்கல. பாட்காஸ்ட் எடிட் பண்றவனுக்குக் காதுதான் சோறு. அந்த நாட்கள்ல நான் பயந்தது எனக்குத்தான் தெரியும்.

ஏன் திறக்கல? அழுத்த வித்தியாசம் ஒரு அளவு தாண்டினா, அந்தக் குழாய் சப்பி மூடிக்கும். அப்புறம் எவ்வளவு ஊதினாலும் பிரயோஜனம் இல்ல. வேகமா ஊதினா உள்காதே பாதிக்கப்படலாம்.

அதனால இதை மனசுல வச்சுக்குங்க:

வலி வர்றதுக்கு முன்னாடியே ஆரம்பிங்க. தண்ணியில தலை மூழ்கினதும் ஒரு தடவை, அப்புறம் ஒவ்வொரு அரை மீட்டருக்கும் ஒரு தடவை.

மூக்கைப் பிடிச்சு மெதுவா ஊதறது வல்சல்வா முறை. 1704ல காது பத்தி நூல் எழுதின இத்தாலிய மருத்துவரோட பேர் அது. மூக்கைப் பிடிச்சுக்கிட்டு எச்சில் முழுங்கறது டாய்ன்பி முறை. ரெண்டையும் கரையிலயே பழகுங்க.

தலைகீழா போகாம, கால் கீழே இருக்கற மாதிரி கயிறைப் பிடிச்சு இறங்குங்க.

திறக்கலைன்னா ஒரு மீட்டர் மேல வந்து மறுபடி முயற்சி பண்ணுங்க. அப்பவும் இல்லையா, டைவை முடிச்சுக்குங்க.

சளி இருந்தா போகாதீங்க. மாத்திரை போட்டுச் சமாளிக்கவும் வேண்டாம். பாதியில மருந்து வேகம் குறைஞ்சா, மேல வரும்போது காற்று உள்ளே மாட்டிக்கும். காதுல அடைப்பானும் வைக்கக்கூடாது.

டைவுக்கு அப்புறம் காது கேட்காம இருந்தாலோ, தலை சுத்தினாலோ, இரைச்சல் கேட்டாலோ, அன்னைக்கே காது மூக்கு தொண்டை டாக்டரைப் பாருங்க.

கட்டின பணம் போனா அடுத்த மாச சம்பளத்துல ஈடு கட்டிடலாம். கிணத்துல பாதியில திரும்பி வந்த அந்தப் பையன்தான் சரியா இருந்திருக்கான். அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.