புள்ளியும் இழையும்

கோலம் என்னுஞ் சொல்லுக்கு அழகு, வடிவு, ஒப்பனை எனப் பொருள் பல. இம்மூன்றும் ஒருங்கமைந்தமையால் வாயிலில் மாவால் இடும் வரிவடிவுக்கும் அதுவே பெயராயிற்று. வங்கத்தார் இதனை அல்பனா என்பர். மராட்டியர் ரங்கோலி என்பர். நோன்புக்காக வெண்மணலால் தெருவை அணிசெய்தலை ஆண்டாள் தம் நாச்சியார் திருமொழியிற் கூறுகின்றார். எனவே இவ்வழக்கின் தொன்மை பற்றி ஐயமில்லை. ஆயினும் அதன் அழகையும் தொன்மையையும் போற்றும் நாம், அதன் இலக்கணத்தை எண்ணிப் பார்த்தோமல்லேம்.

மெய்யெழுத்துக்குப் புள்ளி வேண்டும் என விதித்தது தொல்காப்பியம். கோலத்துக்கும் புள்ளியே முதல். நடுவே ஏழு புள்ளி வைத்து, மேலும் கீழும் ஆறு, ஐந்து, நான்கு என இடைப்புள்ளியாகக் குறைத்து வந்தால் மொத்தம் 37 புள்ளிகளாம். சிக்குக் கோலத்தின் இழை அவற்றுள் எதனையும் தொடாது, எதனையும் விடாது, வளைந்து சென்று தொடங்கிய இடத்திலேயே கூடும். ஓரிடத்தில் வளைவு தவறின் முழுக் கோலமும் சிதையும். விதியும், விதிவழிப் பிறக்கும் எண்ணற்ற வடிவுகளும் உள்ள ஒன்றை இலக்கணமுடையது என்னாது வேறென்னென்பது? கல்வெட்டெழுத்துகளையும் ஆராய்ந்த சென்னைக் கிறித்துவக் கல்லூரிப் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணி முதலியோர், கணினி மொழிகளுக்குரிய இலக்கண முறையாற் கோலத்தை ஆராய்ந்து 1974இல் கட்டுரை வெளியிட்டனர்.

அவ்விலக்கணத்தைக் காத்தவர் யாவர்? வட்டவளைக்கும் அட்டனுக்கும் இடைப்பட்ட எம் றொசல்லவில், லயத்து இஸ்தோப்பைச் சாணமிட்டு மெழுகிக் கோலமிட்ட மூதாட்டியரும் அவருள் அடங்குவர். தமிழகத்து நெல்வயல்களை நீங்கிவந்தோரின் வழித்தோன்றல்கள் அவர். நெல் விளையாத இம்மலையில், விலைக்கு வாங்கிய அரிசியின் மாவை எறும்புக்கும் ஈந்தனர். பொழுது புலருமுன் எழுந்து, கோலத்தை முடித்து, கூடையுடன் பிரட்டுக்களம் சென்றனர். பள்ளி வாயில் மிதியாமையால் ஏடுகளில் அவர்க்குக் கைநாட்டே கையொப்பமாயிற்று. அந்தப் பெருவிரலும் சுட்டுவிரலுமே 37 புள்ளிகளையும் பிழையாது வைத்தன என்பதை எவ்வேடும் குறித்திலது.

இக்காலத்துக் கோலம் வீட்டு வாயிலினின்று பொதுவிடத்துக்கு வந்துள்ளது. சென்னையில் மயிலாப்பூர்த் திருவிழாவின்போது மாட வீதியிற் கோலப் போட்டி நிகழ்கின்றது. 2021இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் பதவியேற்பையொட்டி, அந்நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் அட்டைகளிற் கோலம் வரைந்து அனுப்பினர். எம் மலைநாட்டுப் பள்ளிகளிலும் பொங்கற் காலத்தே கோலமிடுகின்றனர். இவை மகிழத்தக்கன. எனினும் வண்ணப்பொடிக்கும் அளவின் பெருமைக்கும் பரிசளித்து, துளையச்சை மாணவியர் கையிற் கொடுத்துவிடுவோமாயின் எஞ்சுவது பொடியே, இலக்கணம் மறையும்.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு விண்ணப்பம். கோலப் பயிலரங்கு நடத்துங்கால், அயலிலுள்ள லயத்து மூதாட்டி ஒருவரை அழைத்து ஆசிரியர் இருக்கையில் அமர்த்துமின். புள்ளிக் கணக்கையும் இழைபோகும் நெறியையும் அவர் சொல்ல, மாணவர் ஏட்டில் எழுதிக்கொள்க. தம் பேத்தியர் தம்மிடம் பாடங் கேட்பதை அவர் ஒருமுறையேனும் காணல் வேண்டும். இன்றிட்ட கோலம் நாளை விளக்குமாற்றால் அழிவது இயல்பு. நாளையும் அதனை இடுதற்குக் கையுண்டு. அக்கை ஓய்ந்தபின் கேட்பதற்கு யாருளர்?