தோற்கழலை நோயும் நோயறி ஆய்வுகூடமும்

இரத்தினபுரித் தோட்டங்களில் பசு வளர்க்கும் தொழிலாளர் குடும்பத்துக்கு அப்பசு நாட்சம்பளத்துக்குப் புறம்பான வருவாய். ஆதலால் கால்நடை நோயை இனங்காணுதல் விஞ்ஞானப் பிரச்சினை மட்டுமன்று, சமூகப் பிரச்சினையுமாகும்.

1929இல் சாம்பியாவில் முதன்முதல் அறியப்பட்ட தோற்கழலை நோய், 2019இல் இந்தியாவிலும் 2020இல் இலங்கையிலும் தோன்றியது. கடிக்கும் ஈக்களும் நுளம்புகளும் உண்ணிகளும் இதன் வைரசைப் பரப்புகின்றன. காய்ச்சல், தோலிற் கழலைகள், பால் குன்றுதல் என்பன இதன் குறிகள். எனினும், மாட்டு ஹேர்ப்பிசு வைரசு தோற்றுவிக்கும் போலித் தோற்கழலை நோயும் கண்ணுக்கு ஏறத்தாழ இவ்வாறே தோன்றும். அது பெரும்பாலும் தானே தணிந்துவிடும். கண்ணை மட்டும் நம்பி முடிவு செய்யின், ஒன்றில் வீண் பீதி எழும். அன்றேல் நோய் கட்டின்றிப் பரவும். கழலைப் பொருக்கிலுள்ள வைரசின் மரபுப்பொருளைப் பெருக்கிக் காட்டும் பொலிமரேசுச் சங்கிலித் தாக்கமே இவ்வையத்தை அகற்றுகிறது. கன்னொறுவை மிருக வைத்திய ஆராய்ச்சி நிறுவகம் நாட்டில் இத்தகைய நோயாய்வின் மையமாகும். மாடுகளின் போக்குவரத்தைத் தடுப்பதா, எத்தடுப்பூசியை இடுவதா என்பன அதன் பின்னரே தெளிவாகும்.

1987இல் இலங்கையில் மீண்டும் புகுந்த மாட்டுக் கொள்ளைநோய், 2011இல் உலகெங்கும் ஒழிக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. அவ்வெற்றியில் தடுப்பூசியோடு ஆய்வுகூடச் சான்றுக்கும் பங்குண்டு. ஆயினும், தோட்டத்து மாட்டுப்பட்டியிலிருந்து மாதிரி கெடாமல், விரைவாக ஆய்வுகூடத்தை அடைந்தாலன்றி இவ்வறிவு தொழிலாளிக்குப் பயன்படாது.