அலைவரிசை யாருக்கு? – 9: ராஜபாளையத்துக்கு எஃப்.எம். வந்தால்

2024 ஆகஸ்ட் 28 அன்று மத்திய அமைச்சரவை 234 புதிய ஊர்களில் 730 தனியார் எஃப்.எம். அலைவரிசைகளை ஏலம் விட ஒப்புதல் கொடுத்தது. அடிப்படை விலை மொத்தமாக 784 கோடியே 87 லட்சம் ரூபாய். தமிழ்நாட்டுப் பட்டியலில் ராஜபாளையமும் இருக்கிறது. தாய்மொழியில் உள்ளூர் நிகழ்ச்சிகள் பெருகும், வேலைவாய்ப்பு கூடும் என்பது அரசு சொன்ன காரணம். ராஜபாளையத்தில் கோபுரம் எழுந்தால் ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டி வத்திராயிருப்பு, கூமாப்பட்டி வரை பாட்டு எட்டக்கூடும். பாட்டுக்கு இன்று பஞ்சமில்லை. அங்கே மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் வாழ்பவருக்கு வேண்டிய தகவல் அந்த அலையில் வருமா என்பதுதான் இந்த வாரக் கேள்வி.

அங்கே தகவல் என்றால் என்ன? பிளவக்கல் பெரியாறு அணையிலும் கோவிலாறு அணையிலும் இன்று எத்தனை அடி தண்ணீர், எப்போது மதகு திறப்பார்கள், எந்தக் கண்மாய்க்கு முதலில் போகும். சதுரகிரி மலைக்கோயிலுக்கு ஏற அனுமதி உண்டா, ஏறும் வழியில் தாணிப்பாறை ஓடையில் தண்ணீர் வரத்து எப்படி. 2015 மே மாதம் அந்த ஓடையில் திடீரென வந்த வெள்ளம் பக்தர்களை அடித்துச் சென்றதை நினைத்தால் இது சாதாரணக் கேள்வி அல்ல. மலை முழுவதும் 2021 முதல் புலிகள் காப்பகம். தோப்புக்குள் யானை இறங்கினால் எந்தப் பக்கம் என்பதும் தெரிந்தாக வேண்டும். 2025இல் கூமாப்பட்டி ஒரே வாரத்தில் தமிழகம் அறிந்த ஊரானது ரீல்ஸ் வழியாக. தண்ணீரும் பச்சையும் காட்டி வாங்க வாங்க என்று அழைத்தன அந்தக் காணொளிகள். அணையில் இறங்கிக் குளிக்க அனுமதி இல்லை என்ற செய்தியை அதிகாரிகள்தான் பின்னால் வந்து சொல்ல வேண்டியிருந்தது. கூட்டம் சேர்ப்பதற்கும் தகவல் சொல்வதற்கும் உள்ள தூரத்தை இதைவிடச் சுருக்கமாகக் காட்ட முடியாது.

தனியார் வானொலிக்காரர்களைக் கேட்டால், எங்கள் கையைக் கட்டிப்போட்டிருக்கிறார்கள் என்பார்கள். அதில் உண்மை உண்டு. அலைவரிசை பொதுச் சொத்து, அரசின் ஏகபோகம் அல்ல என்று உச்ச நீதிமன்றம் 1995இலேயே சொல்லிவிட்டது. ஆனாலும் தனியார் எஃப்.எம். சொந்தமாகச் செய்தி வாசிக்க முடியாது. 2011இன் மூன்றாம் கட்டக் கொள்கைப்படி, ஆகாஷ்வாணி செய்தியை ஒரு வார்த்தை மாற்றாமல் மறு ஒலிபரப்பு செய்யலாம், அவ்வளவுதான். மணிக்குப் பத்து நிமிடம் செய்திக்கு அனுமதிக்கலாம் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2023இல் பரிந்துரைத்தது. செய்தித்தாளுக்கும் தொலைக்காட்சிக்கும் இல்லாத தடை வானொலிக்கு மட்டும் ஏன் என்பதற்கு யாரும் ஒழுங்கான பதில் சொன்னதில்லை. ஆனால் அதே 2011 கொள்கை வானிலை, போக்குவரத்து, தேர்வு முடிவு, குடிநீர், மின்சாரம், இயற்கைச் சீற்றம், சுகாதார எச்சரிக்கை எல்லாவற்றையும் 'செய்தி அல்லாதவை' என்று வகைப்படுத்தி, தாராளமாகச் சொல்லலாம் என்கிறது. கூமாப்பட்டி கேட்கும் தகவலில் பெரும்பகுதி இந்தக் கதவு வழியாகவே நுழைந்துவிடும். ஏற்கெனவே நடக்கும் தனியார் நிலையங்களில் இந்தக் கதவு எவ்வளவு திறந்திருக்கிறது? இரண்டு பாட்டுக்கு நடுவே நகரத்துப் போக்குவரத்து நெரிசல் பற்றி ஒரு வரி. சட்டம் கட்டாத இடத்தில் கணக்குப் புத்தகம் கட்டுகிறது. விளம்பரதாரர் வாங்குவது கேட்பவரின் காதை. நகைக்கடைக்கும் பைக் கம்பெனிக்கும் வேண்டிய காது மதுரையிலும் நெல்லையிலும் இருக்கிறது, தென்னந்தோப்பில் இல்லை. போதாக்குறைக்கு, ஒரே நிறுவனத்தின் நிலையங்கள் ஓர் ஊரில் தயாரித்த நிகழ்ச்சியைப் பல ஊர்களில் ஒலிபரப்பவும் அனுமதி உண்டு. அப்போது ராஜபாளையத்தில் நிற்பது கோபுரம் மட்டும்தான்.

பொது வானொலி வேறு விதமாக நடந்ததற்குச் சாட்சி உண்டு. 1960களின் நடுவில் ஆடுதுறை 27 என்ற குறுகிய கால நெல் தஞ்சை மாவட்டத்தில் பரவியபோது, திருச்சி வானொலியின் பண்ணை ஒலிபரப்பு அதை விடாமல் விளக்கியது; விவசாயிகள் அந்த ரகத்தையே 'ரேடியோ நெல்' என்று கூப்பிட்டார்கள். ஒரு பயிருக்கு வானொலியின் பெயர் ஒட்டிக்கொண்டது என்றால், ஊர் காதுகொடுத்துக் கேட்டிருக்கிறது.

உடனே மறுப்பு வரும்: அந்த நெல்லும் அதற்கான உரமும் அரசு பரப்ப விரும்பியவை, அதனால்தான் ஒலித்தன என்று. சரிதான். நெருக்கடி நிலையில் ஆல் இந்தியா ரேடியோவை 'ஆல் இந்திரா ரேடியோ' என்று மக்கள் கேலி செய்ததும் காரணமில்லாமல் அல்ல. 1997இல் வானொலியை நடத்த பிரசார் பாரதி என்ற தன்னாட்சி அமைப்பு வந்த பிறகும் கஜானாவின் சாவி டெல்லியில்தான். ஆக இரண்டு வானொலியிலும் மௌனம் உண்டு. ஒன்று ஆட்சிக்குப் பிடிக்காததைச் சொல்லாது. மற்றொன்று விலைபோகாததைச் சொல்லாது. ஆட்சியாளரைக் கேள்வி கேட்கும் செய்திக்கு முதல் மௌனம் ஆபத்தானது. அதற்கு நான் ஆகாஷ்வாணியை நம்பச் சொல்லவில்லை. ஆனால் அணையின் நீர்மட்டத்தை மறைத்து எந்த அமைச்சருக்கும் ஆதாயமில்லை. அடிவாரத்து ஊரை அன்றாடம் பாதிப்பது இரண்டாவது மௌனமே. ஆகாஷ்வாணியின் கோடை எஃப்.எம்.மும் சினிமாப் பாட்டு போட்டு, விளம்பரம் வாங்குகிறதே என்பார்கள். 1967 முதலே விவித பாரதியில் விளம்பரம் உண்டு. பாட்டு போடுவது குற்றமில்லை. பாட்டு முடிந்ததும் யார் பேச வருகிறார்கள் என்பதில்தான் வித்தியாசம். கைப்பேசி இருக்கும்போது வானொலி எதற்கு என்பவர்கள், மலைச்சரிவில் மழையோடு மின்சாரமும் சிக்னலும் சேர்ந்து போகும் இரவை யோசிக்கட்டும்.

ஏலத்தில் எடுப்பவர் கையெழுத்திடும் ஒப்பந்தத்தில், மத்திய, மாநில அரசுகள் கேட்டால் நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் வரை பொதுநல அறிவிப்புகளை ஒலிபரப்ப வேண்டும் என்றொரு விதி உண்டு. பாட்டுச் சத்தத்தில் அதை எல்லோரும் மறந்துவிட்டார்கள். விருதுநகர் மாவட்ட நிர்வாகம் தினமும் காலையில் ஒரு தாள் அனுப்பினால் போதும்: பெரியாறு அணை இத்தனை அடி, கோவிலாறு இத்தனை, தாணிப்பாறை வழி திறப்பா அடைப்பா. வாசிக்க ஒரு நிமிடம்கூட ஆகாது.

(தொடரும்)