கார் திரும்பும்போது "கீச்"னு சத்தமா? பர்ஸைத் திறக்கும் முன் காதைத் திறங்க!



மாசக் கடைசி. இஎம்ஐ போய், வாடகை போய், மிச்சம் இருக்கிறதை வெச்சு ஓட்டிட்டு இருப்பீங்க. அப்போதான் கார் ஒவ்வொரு வளைவிலும் "கீச் கீச்"னு கத்த ஆரம்பிக்கும். நேரா சர்வீஸ் சென்டருக்குப் போய், "சார், ஏதோ சத்தம் வருது, பாருங்க"ன்னு சாவியைக் கொடுத்தா, பில் எவ்வளவு வரும்னு சொல்லவே முடியாது. "ஏதோ சத்தம்"ங்கிற வார்த்தைக்கு எந்த ஸ்பேரை வேணும்னாலும் மாத்தலாமே!

அதனால மெக்கானிக்கைப் பார்க்கிறதுக்கு முன்னாடி, பைசா செலவில்லாம நீங்களே செய்யக்கூடிய 5 சோதனைகளைப் பார்ப்போம்.

1. நின்ன இடத்துல திருப்புங்க. இன்ஜினை ஆன் பண்ணி, ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் மெதுவா திருப்புங்க. அப்பவே கீச்னு வந்தா, பால் ஜாயிண்ட், ஸ்டீயரிங் ராட் முனை, ஸ்ட்ரட் மவுண்ட் பேரிங் இதுல ஒண்ணு காய்ந்தோ தேய்ந்தோ போயிருக்கலாம். சத்தம் உங்க காலுக்குப் பக்கத்துல, காருக்குள்ளேயே கேட்குதா? ஸ்டீயரிங் தண்டு கீழே இறங்கும் இடத்துல இருக்கிற ரப்பர் உறை உரசலாம். இது சின்ன வேலை.

2. முழுசா ஒடிச்சு வட்டம் அடிங்க. காலி மைதானத்துல, மெதுவா, லேசா ஆக்ஸிலேட்டர் கொடுத்து ஓட்டுங்க. "டக் டக் டக்"னு வந்தா ஆக்சில் முனையில இருக்கிற சிவி ஜாயிண்ட் மேல சந்தேகம். முன் சக்கரத்துக்கு உள்பக்கம் குனிஞ்சு பாருங்க. மடிப்பு மடிப்பான ரப்பர் பூட் கிழிஞ்சு, சுத்தி கிரீஸ் தெறிச்சிருக்கும்.

3. பிரேக்கை லேசா தொடுங்க. சத்தம் நின்னாலோ மாறினாலோ பிரேக் பக்கம் பார்க்கணும். பேட் தேய்ந்திருக்கலாம், இல்லன்னா டிஸ்க் இடுக்குல சின்னக் கல் மாட்டியிருக்கலாம்.

4. வேகம் கூடும்போது கவனிங்க. "ஊம்ம்"னு ஒரு முனகல் வேகத்தோட கூடுதா? ஒரு பக்கம் திரும்பினா அதிகமாகி, மறுபக்கம் திரும்பினா குறையுதா? பெரும்பாலும் வீல் பேரிங்.

5. காரை அமுக்குங்க. நிறுத்தி வெச்ச காரோட முன் மூலையை ரெண்டு கையால அமுக்கி விடுங்க. கிரீச்னு கேட்டா சஸ்பென்ஷன் புஷ், மவுண்ட் பக்கம் பார்க்கணும்.

ஒரே ஒரு விதிவிலக்கு: மால் பேஸ்மென்ட்ல, பளபள தரையில மட்டும் சத்தம் வந்தா பயப்படாதீங்க. அது டயர் தரையில உரசுற சத்தம். காருக்கு ஒண்ணும் இல்ல.

காசு எங்கே போகும்?

முதல் விஷயம், பவர் ஸ்டீயரிங் ஆயில். இன்னைக்கு நம்ம ஊர்ல ஓடும் புது சின்ன கார்கள்ல பெரும்பாலும் எலெக்ட்ரிக் பவர் ஸ்டீயரிங்தான். அதுல ஆயிலும் கிடையாது, பம்ப்பும் கிடையாது. உங்க கார் எந்த வகைன்னு ஓனர் மேனுவல்ல பார்த்து வெச்சுக்கோங்க. எலெக்ட்ரிக் வகையா இருந்து, பில்லுல "ஸ்டீயரிங் ஆயில்"னு ஒரு வரி வந்தா தைரியமா கேள்வி கேளுங்க. ஹைட்ராலிக் வகையா இருந்தா ஆயில் குறைவும் பெல்ட் வழுக்குறதும் உண்மையான காரணங்கள்தான்.

இரண்டாவது, தள்ளிப்போடுறது. பூட் கிழிஞ்ச உடனே பார்த்தா, பூட்டும் கிரீஸும் மாத்தினா போதும். விட்டா மண்ணும் தண்ணியும் உள்ளே போய் ஜாயிண்டே தேஞ்சு, ஆக்சிலையே மாத்த வேண்டி வரும். சின்ன பில் பெரிய பில்லாகுறது இப்படித்தான்.

மூன்றாவது, ஸ்பிரே. கண்ட எண்ணெயை அடிச்சா சத்தம் நாலு நாள் அடங்கும், ஆனா தேய்மானம் தொடரும். சில எண்ணெய்கள் ரப்பர் புஷ்ஷையும் கெடுத்துடும். பிரேக் பக்கம் ஒரு சொட்டுகூடப் போகக் கூடாது.

இன்னொண்ணு, இன்சூரன்ஸை நம்பாதீங்க. ஜீரோ டெப் பாலிசி எடுத்திருந்தாலும் தேய்மானத்துக்கு கிளெய்ம் கிடைக்காது.

பில்லைக் குறைக்க 4 வழிகள்

• "வலது பக்கம் திரும்பும்போது, மெதுவா போனா, முன்பக்கம் கீச்னு வருது"ன்னு குறிப்பா சொல்லுங்க. முடிஞ்சா போன்ல ரெக்கார்ட் பண்ணிட்டுப் போங்க.
• வண்டியை லிஃப்ட்ல ஏத்தி, எந்த பார்ட்ல ஆட்டம் இருக்குன்னு காட்டச் சொல்லுங்க.
• ஸ்பேர், லேபர் தனித்தனியா எஸ்டிமேட் வாங்குங்க. 2025 செப்டம்பர் 22 முதல் கார் உதிரிபாகங்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம்தான். பழைய 28 சதவீதம் போட்டா கேளுங்க. பெரிய தொகைன்னா இன்னொரு மெக்கானிக்கிட்டயும் காட்டுங்க.
• மாத்தின பழைய பார்ட்டைக் கேட்டு வாங்குங்க. ஸ்டீயரிங் ராட் முனை மாத்தினா வீல் அலைன்மென்ட் கட்டாயம். அதைச் செலவு மிச்சம்னு விட்டா டயர் தேஞ்சு போகும்.

எதுல மிச்சம் பிடிக்கக் கூடாது?

பால் ஜாயிண்ட், ஸ்டீயரிங் ராட், வீல் பேரிங், பிரேக். இந்த நாலுல எதுல ஆட்டம்னு தெரிஞ்சாலும் அடுத்த சம்பளம் வரை காத்திருக்காதீங்க. ஓடிட்டு இருக்கும்போது பால் ஜாயிண்ட் கழண்டா சக்கரம் மடங்கிடும். ஹைவேல அது உயிர் விஷயம்.

அந்த நேரத்துல கிரெடிட் கார்டைத் தேய்ச்சு மினிமம் டியூ மட்டும் கட்டுற நிலைமை வேண்டாம். மாசம் 3.5 சதவீதம் வட்டின்னாலே வருஷத்துக்கு 42 சதவீதம் ஆகுது! அதுக்குப் பதிலா, மாசம் 1,500 ரூபாய் கார் பராமரிப்புக்குன்னு தனி ஆர்டி போடுங்க. வருஷத்துக்கு 18,000 ரூபாய் கையில இருக்கும். சர்வீஸ், டயர், இந்த மாதிரி சத்தம் எல்லாத்துக்கும் அதுதான் கவசம். கார் வாங்கும்போது இஎம்ஐ மட்டும் கணக்குப் போடுறோம். இந்த 1,500-ஐயும் சேர்த்துதான் காரோட உண்மையான மாசச் செலவு.

இந்த வார இறுதியில 10 நிமிஷம் ஒதுக்கி, அந்த 5 சோதனையையும் செஞ்சு பாருங்க. கார் வெச்சிருக்கிற நண்பர்களுக்கும் அனுப்புங்க. அடுத்த வீடியோவில் சந்திப்போம்!