காயம் ஆற கதை வேண்டும்

பர்மா என்று நாம் அறிந்திருந்த மியான்மாரின் கிழக்கு மலைகளில் வாழ்பவர்கள் கரேன் இன மக்கள். 1948-ல் அந்நாடு விடுதலை பெற்றது. மறு ஆண்டே கரேன் போராளிகளுக்கும் அரசுப் படைக்கும் போர் மூண்டது. தலைமுறைகளைத் தாண்டி நீண்ட அந்தப் போரில் ஊர்கள் எரிந்தன. மக்கள் காடுகளில் ஒளிந்து, எல்லை கடந்து, தாய்லாந்தில் தஞ்சம் புகுந்தார்கள். 1984-ல் தொடங்கிய மே லா முகாம் அவற்றுள் பெரியது. முகாமிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் பலர். 2005-க்குப் பிறகு பல்லாயிரம் குடும்பங்கள் அமெரிக்கா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் குடியேறின. பனி கொட்டும் மின்னசோட்டா மாநிலத்தின் செயின்ட் பால் நகரில் இன்று கரேன் மக்கள் பெருமளவில் வாழ்கிறார்கள்.

பாதுகாப்பு கிடைத்துவிட்டது. ஆனால் மனக்காயம் ஆறிவிட்டதா?

சாதாரண நினைவுக்குத் தொடக்கமும் முடிவும் உண்டு. பெரும் அச்சத்தின் நினைவு அப்படியல்ல. அது ஒரு புகை நாற்றமாக, ஒரு சத்தமாகத் துண்டு துண்டாகத் தங்கிவிடுகிறது. பட்டாசு வெடித்தால் உடல் நடுங்குகிறது. பிள்ளைகளின் மனம் நோகக்கூடாது என்று தந்தை எதையும் சொல்வதில்லை. பிள்ளைக்கோ அந்த மௌனம் கோபமாகத் தெரிகிறது. பள்ளியில் ஆங்கிலம் கற்ற பிள்ளையே மருத்துவமனையில் பெற்றோருக்கு மொழிபெயர்க்கிறது. ஒரே வீட்டுக்குள் தூரம் வளர்கிறது.

இந்தத் தூரத்தைக் கடக்கும் பாலம் கரேன் மரபிலேயே இருக்கிறது. அவர்களின் மூதாதை டோ மே பா, புதிய நிலம் தேடித் தன் மக்களோடு புறப்பட்டாராம். வழியில் ஆற்றங்கரையில் மக்கள் நத்தை சமைத்தார்கள். அது வேகவில்லை என்று எண்ணிக் காத்திருந்தார்கள். தந்தை முன்னே நடந்து போய்விட்டார், மக்கள் பின்தங்கிவிட்டார்கள். பிரிவைச் சொல்லும் இந்தக் கதையைக் கேட்கும் பிள்ளை, "பாட்டி, நீங்களும் அப்படித்தான் பிரிந்தீர்களா?" என்று கேட்க வழி பிறக்கிறது. பாஸ்கா இரவிலும் பிள்ளை கேட்க, பெற்றோர் சொல்வதுதானே இஸ்ரயேலரின் வழக்கம்!

அச்சத்தில் மனிதரின் உயிர் வழிதவறிப் போகும் என்பது கரேன் மரபு நம்பிக்கை. ஆகஸ்ட் மாதத்தில் பெரியவர்கள் அந்த உயிரைப் பெயர் சொல்லி அழைத்து, இளையோர் மணிக்கட்டில் வெள்ளை நூல் கட்டுகிறார்கள். 'நீ எங்களுடையவன், வீட்டுக்கு வா' என்பதே அதன் பொருள்.

அகதிகளுக்கு உதவும் மனநலப் பணியாளர்கள் கையாளும் ஒரு முறையும் உண்டு. தரையில் ஒரு கயிற்றை நீட்டி, மகிழ்ச்சியான நாள்களுக்குப் பூவும், துயர நாள்களுக்குக் கல்லும் வைக்கச் சொல்வார்கள். பிறகு ஒவ்வொன்றாக, வரிசையாகச் சொல்லச் சொல்வார்கள். அப்போதுதான் 'அது அன்று நடந்தது, இன்று நான் பத்திரமாக இருக்கிறேன்' என்று மனம் உணரத் தொடங்குகிறது. கயிற்றில் கற்கள் மட்டுமல்ல, பூக்களும் இருந்தன என்பதும் தெரிகிறது.

ஒன்றை மறக்க வேண்டாம். யாரையும் வற்புறுத்திப் பேச வைப்பது ஆறாத புண்ணைக் கிளறுவதாகும். சொல்பவரே நேரத்தைத் தேர்ந்துகொள்ளட்டும். கேட்பவர் செய்ய வேண்டியது மூன்றே: அருகில் அமர்வது, இடைமறிக்காமல் இருப்பது, அழுதால் அழவிடுவது.

நம் வீட்டிலும் பேசாத ஒரு பெரியவர் இருக்கலாம். "உங்கள் சின்ன வயதில் ஊர் எப்படி இருந்தது?" என்று பூவிலிருந்து தொடங்குவோம். கல்லைப் பற்றி அவரே சொல்லும் நாள் வரும். வராவிட்டாலும், அவர் அருகில் நாம் அமர்ந்திருப்போம்.