மூட்டு வலி: எண்ணெய்க்கு முன் கேட்க வேண்டிய கேள்வி

நாற்பது வயதைத் தாண்டிய ஆசிரியர்கள் மாடிப்படியில் இறங்குவதைக் கவனித்தாலே பாதி விவரம் தெரிந்துவிடும். கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து இறங்குபவர்கள் எல்லாப் பள்ளியிலும் இருக்கிறார்கள். மேல்நிலைப் பள்ளியில் நாளெல்லாம் நின்றுகொண்டே பாடம் நடத்துகிறோம். எண்ணும் எழுத்தும் வகுப்பெடுப்பவர்களோ குழந்தைகளோடு தரையில் உட்கார்ந்து, ஒரு நாளில் எத்தனையோ முறை எழுந்திருக்கிறார்கள். படி ஏறி இறங்கும்போது முழங்காலில் விழும் சுமை உடல் எடையைப் போல மூன்று மடங்குக்கும் மேல்.

ஆசிரியர் அறையில் இந்தப் பேச்சு வந்தால் உடனே ஒருவர் ஓர் எண்ணெயின் பெயரைச் சொல்வார், இன்னொருவர் ஒரு லேகியத்தைச் சொல்வார். நான் ஒரு கோடை விடுமுறையில் ஆயுர்வேத மருத்துவமனையில் 14 நாள் சிகிச்சை எடுத்துக்கொண்டேன். அங்கே மருத்துவர் எந்த எண்ணெயையும் எடுப்பதற்கு முன் என்னிடம் கேட்ட முதல் கேள்வி: “காலையில் எழுந்ததும் மூட்டு விறைப்பாக இருக்கிறதா? இருந்தால் எவ்வளவு நேரம்?” அப்போது அது சாதாரணக் கேள்வியாகத்தான் பட்டது. பிறகு படித்துப் பார்க்கும்போதுதான் மருத்துவத்தின் பாதையே அந்தப் பதிலில் பிரிகிறது என்று புரிந்தது.

ஆயுர்வேதம் மூட்டு வலியை ஒரே நோயாகப் பார்ப்பதில்லை. சரக சம்ஹிதையில் வாத நோய்களைப் பற்றிய பகுதியில் மூட்டில் வாதம் தங்கும் நிலை சொல்லப்படுகிறது. இதைத்தான் சந்திகத வாதம் என்கிறார்கள். தொட்டால் காற்றடைத்த தோல்பை போன்ற வீக்கம், மடக்கி நீட்டும்போது வலி ஆகியவை அதன் அடையாளங்கள். வயது ஏறும்போது வருகிற மூட்டுத் தேய்மானத்தோடு இது பெரும்பாலும் பொருந்துகிறது. காலையில் சிறிது நேரம் விறைப்பு இருக்கும். அரை மணிக்குள் சரியாகிவிடும். நடக்க நடக்க, மாலை ஆக ஆக வலி கூடும்.

இன்னொன்று ஆமவாதம். இதைத் தனி நோயாக விரித்துச் சொல்வது மாதவ நிதானம் என்ற நூல். சரியாகச் செரிக்காத உணவிலிருந்து உண்டாகும் ‘ஆமம்’ வாதத்தோடு சேர்ந்து மூட்டுகளில் படிகிறது என்பது அவர்கள் விளக்கம். பல மூட்டுகளில் வீக்கம், தேள் கொட்டியது போன்ற வலி, உடல் பாரம், பசியின்மை, காய்ச்சல் ஆகியவை குறிகள். நவீன மருத்துவம் முடக்குவாதம் என்று சொல்லும் நோயோடு இதை ஒப்பிடுவது வழக்கம். அங்கே விளக்கம் வேறு: உடலின் எதிர்ப்பு ஆற்றலே தன் மூட்டுகளைத் தாக்குகிறது. இந்த நோயில் காலை விறைப்பு அரை மணிக்கு மேல், சில சமயம் ஒரு மணிக்கு மேலும் நீடிக்கும். கை விரல் மூட்டுகள் இரண்டு பக்கமும் சேர்ந்து வீங்கும். வாதரக்தம் என்று மூன்றாவதும் உண்டு. அது கால் பெருவிரலில் திடீரென்று நெருப்பாய்ப் பற்றும் யூரிக் அமில வலிக்கு நெருக்கமானது.

இப்படிப் பிரிப்பதால் என்ன பயன் என்று கேட்கலாம். முதல் வகைக்கு எண்ணெய்தான் மருந்தின் உயிர். இரண்டாம் வகைக்குத் தொடக்கத்தில் எண்ணெய் தேய்ப்பதையே ஆயுர்வேதம் தவிர்க்கச் சொல்கிறது. அங்கே முதலில் எளிய உணவு அல்லது பட்டினி, சுக்கு, அளவாக ஆமணக்கெண்ணெய் உள்ளுக்கு, வெளியே சூடான மணல் மூட்டையால் உலர் ஒத்தடம். விரல்களெல்லாம் வீங்கி, காலையில் சாக்பீஸ் பிடிக்கச் சிரமப்பட்ட என் சக ஆசிரியை ஒருவர், உறவினர் சொன்னார் என்று ஏழெட்டு மாதம் விடாமல் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு இருந்தது முடக்குவாதம். இந்த நோயில் தொடக்க மாதங்கள் மிக முக்கியமானவை. அப்போது கட்டுப்படுத்தாவிட்டால் மூட்டு நிரந்தரமாக உருக்குலையும். மருந்து தொடங்கிய பின் அவர் கை தேறியது. இரண்டு விரல்களின் வளைவு மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

தேய்மான வலிக்கு ஆயுர்வேதம் என்ன செய்கிறது? நான் பார்த்ததைச் சொல்கிறேன். முதலில் மூட்டிலும் தொடையிலும் வெதுவெதுப்பான தைலம் தடவி நீவுகிறார்கள். பிறகு நொச்சி, ஆமணக்கு போன்ற இலைகளை வதக்கித் துணியில் கட்டி, எண்ணெயில் தோய்த்து இலைக்கிழி ஒத்தடம். அடுத்தது ஜானு வஸ்தி. உளுந்து மாவைப் பிசைந்து முழங்காலைச் சுற்றி வளையமாக ஒட்டி, அந்தக் குழியில் இளஞ்சூடான தைலத்தை ஊற்றுகிறார்கள். ஆற ஆற எடுத்துவிட்டு மறுபடி சூடான தைலம். அரை மணி முதல் முக்கால் மணி நேரம் அசையாமல் படுத்திருக்க வேண்டும். (அசையாமல் அவ்வளவு நேரம் படுத்திருப்பதே நம் வேலையில் இருப்பவர்களுக்கு ஒரு மருத்துவம்தான்.) உள்ளுக்கு ராஸ்னாதி வகைக் கஷாயம், குக்குலு சேர்ந்த மாத்திரைகள் போன்றவற்றை ஆளுக்குத் தக்கபடி தருகிறார்கள்.

பத்தாம் நாளில் என் வலி நன்றாகவே குறைந்தது. தேய்ந்த குருத்தெலும்பு வளர்ந்துவிட்டது என்று அதற்குப் பொருள் இல்லை. எந்தத் தைலமும் அதைச் செய்வதாகச் சான்று கிடையாது. சூடும் நீவுதலும் தசை இறுக்கத்தைத் தளர்த்துகின்றன, வலி குறைகிறது, குறைந்த வலியில் நம்மால் நடக்கவும் பயிற்சி செய்யவும் முடிகிறது. ஜெர்மனியில் பெர்லின் சாரிட்டே மருத்துவமனையைச் சேர்ந்த ஆய்வாளர்கள் முழங்கால் தேய்மானம் உள்ள 151 பேரை இரு குழுக்களாகப் பிரித்து 12 வாரம் சிகிச்சை அளித்து, முடிவை 2018-இல் வெளியிட்டார்கள். ஆயுர்வேதச் சிகிச்சை பெற்ற குழுவுக்கு வலியும் இயக்கமும் கூடுதலாகத் தேறின. ஆனால் தனக்கு எந்தச் சிகிச்சை நடக்கிறது என்பது எல்லாருக்கும் தெரிந்தே இருந்தது. நம்பிக்கைக்கும் கவனிப்புக்கும் அதில் எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல முடியாது. அறிவியல் ஆசிரியர்கள் இதை மாறிகளைக் கட்டுப்படுத்தும் பாடத்துக்கு எடுத்துக்காட்டாகவே பயன்படுத்தலாம்.

வாதம் கூடுவதற்கு ஆயுர்வேத நூல்கள் சொல்லும் காரணங்களைப் படித்தபோது நம் பள்ளி நாளையே எழுதிவைத்தது போல் இருந்தது: அளவு மீறிய உழைப்பு, இரவில் கண்விழித்தல், வறண்ட, குறைந்த உணவு, இயற்கை உபாதைகளை அடக்குதல். பாடவேளைக்கு நடுவில் போக முடியாது என்பதற்காகவே தண்ணீர் குடிக்காமல் இருக்கும் ஆசிரியைகள் எத்தனை பேர்! அதனால் மூட்டு தேய்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. வலியைத் தனி உறுப்பின் கோளாறாகப் பார்க்காமல் நாள் முழுவதையும் கேட்டறியும் அந்த முறை எனக்குப் பிடித்திருக்கிறது. எடை கூடுதலாக இருந்தால் அதைக் குறைப்பதும், தொடைத் தசையைப் பலப்படுத்துவதும் எந்த மருத்துவ முறையிலும் மறுக்கப்படாதவை. எடையில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் சுமை சுமார் நான்கு கிலோ குறைகிறது. ஓய்வுப் பாடவேளையில் நாற்காலியில் அமர்ந்து ஒரு காலை நேராக நீட்டி, தொடையை இறுக்கி, பத்து எண்ணி இறக்குங்கள். காலுக்குப் பத்து முறை போதும். முடக்கறுத்தான் தோசை நல்ல உணவு. தாராளமாகச் சாப்பிடலாம், ஆனால் அதைச் சாப்பிட்டுவிட்டுப் பயிற்சியை விட்டுவிடக் கூடாது.

எனக்கு உண்மையிலேயே அச்சம் தருவது பெயரில்லாத பொட்டலங்கள்தான். “மூன்றே நாளில் வலி போய்விட்டது” என்று யாராவது ஒரு சூரணத்தைப் பற்றிச் சொன்னால் நான் கவனமாகிவிடுவேன். மூலிகை அவ்வளவு வேகமாக வேலை செய்வதில்லை. ஸ்டீராய்டு செய்யும். உரிமம் இல்லாத மூட்டு வலிப் பொடிகளில் அதைக் கலப்பது தெரிந்த மோசடி. முகம் உப்பும், சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ஏறும், எலும்பு மெலியும். மாதக்கணக்கில் சாப்பிட்டவர்கள் திடீரென நிறுத்துவதும் ஆபத்து. பொட்டலத்தோடு மருத்துவரிடம் போக வேண்டும். உலோகக் கலப்பும் கற்பனை அல்ல. அமெரிக்காவின் பாஸ்டன் பகுதிக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதப் பொருள்களைச் சோதித்ததில் 14-இல் ஈயம், பாதரசம் அல்லது ஆர்செனிக் இருந்ததாக 2004-இல் ஓர் ஆய்வு வெளியானது. லேபிளில் உற்பத்தி உரிம எண், தொகுதி எண், உட்பொருள் பட்டியல், காலாவதி நாள் ஆகியவை இல்லாத எதையும் வாங்க வேண்டாம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், கல்லீரல் கோளாறு உள்ளவர்கள் உள் மருந்து தொடங்கும் முன் இரண்டு மருத்துவர்களுக்கும் தெரிவிக்க வேண்டும். நீரிழிவால் பாதம் மரத்திருந்தால் சூட்டு ஒத்தடம் புண்ணாக்கிவிடும். ஒரு கெண்டைக்கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தால் அங்கே நீவவே கூடாது. ரத்தக்கட்டி இருக்கலாம்.

நம் வலியைப் பேசும்போது மாணவரின் வலியையும் பேச வேண்டும். மாலையில் அல்லது இரவில் இரண்டு கால் தசையும் வலித்து, காலையில் ஓடியாடும் பிள்ளைக்குப் பெரும்பாலும் வளர்ச்சி வலிதான். ஆனால் 5 முதல் 15 வயதுக்குள், தொண்டை வலி வந்து இரண்டு மூன்று வாரம் கழித்து, காய்ச்சலோடு ஒரு மூட்டு வீங்கி, அது தணிந்ததும் வேறு மூட்டுக்கு வலி தாவினால் ருமாட்டிக் காய்ச்சலாக இருக்கலாம். மூட்டு தானாகச் சரியாகிவிடும். இதய வால்வுகள் கெட்டுப்போகக்கூடும். பென்சிலின் ஊசியை ஆண்டுக்கணக்கில் தவறாமல் போட்டுக்கொண்டால் மறுபடி தாக்காமல் காக்கலாம். இங்கே தைலத்துக்கும் ஒத்தடத்துக்கும் இடமில்லை. அப்படிப்பட்ட பிள்ளையை ஆர்.பி.எஸ்.கே. மருத்துவக் குழு பள்ளிக்கு வரும் நாள் வரை காத்திருக்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். எந்த மூட்டு, எந்தத் தேதி, காய்ச்சல் எத்தனை நாள், அதற்கு முன் தொண்டை வலி இருந்ததா என்று ஒரு சீட்டில் எழுதிப் பெற்றோரிடம் கொடுத்தனுப்புங்கள். கூலி வேலையை விட்டுவிட்டு வரும் பெற்றோரால் பல நேரம் அந்தத் தேதிகளைச் சொல்ல முடிவதில்லை. நம் வருகைப் பதிவேட்டில் அவை இருக்கின்றன.