நீச்சல் குளம் அமைக்கும் முன்: தொட்டி ஒரு முறை, நீர் நாள்தோறும்

ஏற்காட்டில் ஒண்டிக்கடையைச் சுற்றியுள்ள சாலைகளில் காப்பித் தோட்டங்களுக்கு நடுவே விடுதிகளையும் தோட்ட வீடுகளையும் காணலாம். அவற்றுள் சிலவற்றில் நீச்சல் குளமும் உண்டு. மூட்டுத் தேய்மானத்திற்கு நீரில் பயிற்சி செய்யுமாறு மருத்துவர் கூறியதும், வீட்டிலேயே ஒரு சிறு குளம் கட்டிவிடலாமே என்று எண்ணும் குடும்பங்களும் இருக்கின்றன. எண்ணம் நல்லதே. எனினும் பணம் செலவிடும் முன் சிலவற்றை அறிந்துகொள்வது நலம்.

மார்பளவு நீரில் நிற்பவரின் உடல் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே கால்களின் மீது இறங்குகிறது. ஆதலால் தரையில் வலிக்கும் மூட்டு நீரில் எளிதாக அசைகிறது. அதே வேளையில் சர்க்கரை நோயுள்ளோர், ஸ்டீராய்டு மருந்து உட்கொள்வோர், புற்றுநோய்ச் சிகிச்சை பெறுவோர் ஆகியோரின் நோய் எதிர்ப்பாற்றல் தளர்ந்திருக்கும். பிறருக்குத் தீங்கு செய்யாத நீர் அவர்களுக்குத் தீங்கு செய்யக்கூடும்.

எந்தத் தொட்டி?

கான்கிரீட் தொட்டியை விரும்பிய அளவிலும் ஆழத்திலும் கட்டலாம். கைப்பிடியுடன் கூடிய அகலமான படிகளை நோயாளிக்கேற்ப அமைக்கலாம். ஆயினும் புதிய சிமெண்ட் பூச்சிலிருந்து சுண்ணாம்புச் சத்து கசிந்து நீரின் காரத்தன்மையைச் சில மாதங்கள் வரை உயர்த்தும். பூச்சு சொரசொரப்பாக இருந்தால் பாசியும் எளிதில் பற்றும்.

கண்ணாடியிழைத் தொட்டியின் மேற்பரப்பு வழுவழுப்பானது. பாசி அதிகம் பற்றாது. ஆனால் அது ஆலையில் ஒரே வார்ப்பாகச் செய்யப்பட்டு வருவது. சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து பெரிய தொட்டியை ஏற்றி வருவது கடினம். ஆகவே மலைக்குச் சிறிய தொட்டியோ, பகுதிகளாகக் கொணர்ந்து பொருத்தும் தொட்டியோதான் ஏற்றது. வினைல் விரிப்பிட்ட தொட்டிக்குச் செலவு குறைவு. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை விரிப்பை மாற்ற வேண்டும்.

எவ்வகையாயினும் மலைச்சரிவில் இரண்டைக் கவனிக்க வேண்டும். முதலாவது, தொட்டி முழுவதும் உறுதியான நிலத்தில் அமைய வேண்டும். ஒரு பாதி வெட்டிய நிலத்திலும் மறுபாதி கொட்டிய மண்ணிலும் நின்றால், மண் இறங்கி விரிசல் உண்டாகும். இரண்டாவது, மழைக்காலத்தில் குளத்தை முழுவதுமாகக் காலி செய்தல் ஆகாது. நிலத்தடி நீரின் அழுத்தம் வெறுந்தொட்டியை மேலே தூக்கிவிடும். தொட்டியின் அடியில் வடிகால் அமைப்பது இதற்குக் காப்பாகும்.

நீரைத் தூய்மையாக்குதல்

மணல் வடிகட்டி தூசியையும் அழுக்கையும் பிடிக்கும், கிருமிகளைக் கொல்லாது. அடி வரை தெளிவாகத் தெரியும் நீரிலும் நோய்க்கிருமி இருக்கலாம். கிருமிகளைக் கொல்வது குளோரின். குளத்து நீரில் லிட்டருக்குக் குறைந்தது 1 மில்லிகிராம் குளோரினும், வெந்நீர்த் தொட்டியில் 3 மில்லிகிராமும் இருக்க வேண்டும் என்றும், பி.எச். அளவு 7.0 முதல் 7.8 வரை இருக்க வேண்டும் என்றும் அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் கூறுகிறது. பி.எச். 8-ஐத் தாண்டினால் குளோரினின் ஆற்றல் பெரிதும் குறையும். புதிய கான்கிரீட் குளத்தை அடிக்கடி சோதிக்கச் சொல்வதன் காரணம் இதுவே.

"உப்புநீர்க் குளத்தில் குளோரின் இல்லை" என்று விற்பனையாளர் கூறினால் நம்ப வேண்டாம். அக்கருவி உப்பிலிருந்து மின்சாரத்தால் குளோரினையே உண்டாக்குகிறது. புற ஊதா ஒளியும் ஓசோனும் குளோரினுக்கு எளிதில் அடங்காத சில கிருமிகளையும் அழிக்கும். ஆயினும் கருவியைக் கடந்து சென்ற நீரில் அவற்றின் காப்பு நீடிப்பதில்லை. எனவே அவை குளோரினுக்குத் துணையாகலாம், மாற்றாக மாட்டா.

மூட்டுநோய்க்கான நீர்ப்பயிற்சி ஏறத்தாழ 32 முதல் 36 டிகிரி செல்சியஸ் வெதுவெதுப்பில் செய்யப்படுகிறது. ஏற்காட்டின் குளிரில் அதற்கு நீரைச் சூடாக்கியே ஆக வேண்டும். வெதுவெதுப்பான நீரில் குளோரின் விரைவில் தீரும். கிருமிகளும் விரைந்து பெருகும். ஆகவே சோதனையும் கூடுதலாகத் தேவை.

கேரளம் தந்த பாடம்

நீர்வாழ் அமீபா மூளையைத் தாக்கும் அரிய நோயால் 2024-ஆம் ஆண்டு மே முதல் ஜூலை வரை கேரளத்தின் மலப்புரம், கண்ணூர், கோழிக்கோடு மாவட்டங்களில் சிறார் மூவர் உயிரிழந்தனர். அதன்பின் நீச்சல் குளங்களைக் குளோரின் இட்டு முறையாகப் பராமரிக்குமாறு தமிழ்நாடு பொதுச் சுகாதாரத் துறையும் அறிவுறுத்தியது. இவ்வமீபா மூக்கின் வழியே நுழைவது. குடிப்பதால் இந்நோய் வருவதில்லை. நீரில் போதிய குளோரின் இருந்தால் அது வாழாது.

குடும்பத்தினர் கவனத்திற்கு

• ஆறாத புண், வயிற்றுப்போக்கு, காய்ச்சல் உள்ளபோது குளத்தில் இறங்க வேண்டாம்.
• வலிப்பு நோய், இதய நோய், சிறுநீர்க் குழாய் உள்ளோர் மருத்துவரின் இசைவு பெற்றே இறங்க வேண்டும். எவரும் தனியே இறங்கலாகாது.
• இறங்கும் முன் சோப்பிட்டுக் குளிக்கவும். வியர்வையும் சிறுநீரும் குளோரினுடன் கலப்பதாலேயே கண் எரிச்சலும் நெடியும் உண்டாகின்றன. ஆஸ்துமா நோயாளிக்கு அந்நெடி ஆகாது.
• நீர் உறிஞ்சும் துளையின் மூடி உடைந்திருந்தால் குளத்தைப் பயன்படுத்த வேண்டாம்.
• குளோரின் தூளையும் அமிலத்தையும் ஒருபோதும் கலக்காதீர். நச்சு வாயு வெளிப்படும். இரண்டையும் தனித்தனியே, காற்றோட்டமுள்ள இடத்தில் வைக்கவும்.

தொட்டியை ஒரு முறை தேர்ந்தெடுத்தால் போதும். நீரையோ நாள்தோறும் சோதித்தாக வேண்டும். காலையும் மாலையும் சோதனைப் பெட்டியைக் கையில் எடுக்க வீட்டில் ஒருவர் இருக்கிறாரா என்பதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். இல்லையெனில், இயன்முறை மருத்துவர் மேற்பார்வையில் பராமரிக்கப்படும் குளத்திற்குச் சென்று வருவதே நோயாளிக்கு நன்மை தரும். அங்கும், இறங்கும் முன் அன்றைய குளோரின் அளவைக் கேட்டறிய உங்களுக்கு உரிமை உண்டு. கேட்கத் தயங்க வேண்டாம்.